இடது பக்கத்து மகாலட்சுமி

ஆமா சார், நானேதான். உங்க கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்ல. 'ரெட்டைவாசல் வீடு' சீரியல்ல சபாபதி ஐயாவா வந்தவன். ரெண்டு வாரம் முன்னாடி செத்துப்போனவன். கிளாம்பாக்கத்துல ஏறும்போதே கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, டிக்கெட்டைக் கையில குடுக்காம சீட்டு மேல வெச்சிட்டுப் போறாரு. சீ, என்ன பொழப்பு சார் இது. நீங்களாவது வாயைத் திறந்து 'நீங்க செத்துட்டீங்கல்ல?'ன்னு கேட்டீங்க. அதுல ஒரு மரியாதை இருக்கு.

நிஜப் பேரு குலசேகர். செஞ்சி வரைக்கும் போறேன். நீங்க திருவண்ணாமலையா? நல்லதாப் போச்சு, நான் இறங்குற வரைக்கும் நீங்க தப்பிக்க முடியாது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க, புழுதி அடிக்குது. ஆங். அப்படியே இருங்க, திரும்பாதீங்க. கோவிச்சுக்காதீங்க சார், தொழில் கண்ணு. உங்களுக்கு இடது பக்கம் இருக்கே, அதுல ஒரு ராஜகளை இருக்கு. யாரும் சொன்னதில்லையா? சொல்ல மாட்டாங்க. ஒரு நல்ல வார்த்தை சொல்றதுக்கு இந்தக் காலத்துல எவனுக்கு வாய் வருது?

நான் எப்படிச் செத்தேன்னு பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க, ஏன்னா அவங்க காட்டவே இல்ல. வெள்ளிக்கிழமை எபிசோடுல கூடத்துல உட்கார்ந்து காபி குடிச்சிக்கிட்டிருந்தேன். திங்கட்கிழமை எபிசோடு ஆரம்பிக்குது, செவுத்துல என் படம். சந்தன மாலை. கீழ எரியுற விளக்கு. 'காசிக்குப் போன இடத்துல ஐயா போயிட்டாரு'ன்னு சமையல்காரி ஒரு வரி சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. அவ்வளவுதான். சாகுறதுக்கு எனக்கு ஒரு சீன்கூடக் குடுக்கல சார். ஒரு இருமல்கூட இல்ல. த்தூ.

ஏன் செத்தேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ரெண்டு பொம்பளைங்க ஒரே பக்கம் பார்த்தாங்க. அதனால செத்தேன். சிரிக்காதீங்க. இருங்க, புரியுற மாதிரி சொல்றேன்.

சினிமாவோ சீரியலோ, ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு பேசுறாங்கன்னா, ஒருத்தரைத் தனியா எடுப்பாங்க, அப்புறம் மத்தவரைத் தனியா எடுப்பாங்க, ரெண்டையும் ஒட்டிக் காட்டுவாங்க. பார்க்கிறவங்களுக்கு அவங்க எதிரெதிராத்தான் நிக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்? ஒருத்தர் திரையில இடது பக்கம் பார்க்கணும், மத்தவர் வலது பக்கம் பார்க்கணும். அவ்வளவுதான் சூட்சுமம். இவர்கிட்டேருந்து அவர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்குன்னு வெச்சுக்குவாங்க. காமிரா அந்தக் கோட்டுக்கு இந்தாண்டையே நிக்கணும். அந்தாண்ட தாவிச்சோ, போச்சு. இதோ, இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. ஒரு ஷாட்ல இடமிருந்து வலமாப் போகுது. அடுத்த ஷாட்ல வலமிருந்து இடமாப் போனா ஜனங்க என்ன நினைப்பாங்க? 'அடடா, எதையோ வீட்டுல வெச்சிட்டு வந்துட்டாங்க போல, மெட்ராசுக்கே திரும்பிப் போறாங்க'ன்னு நினைப்பாங்களா இல்லையா? காமிராவைத் தொட்டவன் முதல்ல படிக்கிற பாடம் இது. இதுக்கு ஒரு உசிரு போகணுமா சார்?

எங்க சீரியல்ல ரெண்டு பேர். என் சம்சாரமா நடிச்சது சுகுணஸ்ரீ. என் தங்கச்சியா நடிச்சது ரத்தினமாலா. அண்ணி, நாத்தனார், புரியுதுல்ல? கதையே அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதுதான். நான் நடுவுல சோபாவுல உட்கார்ந்து, 'ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா'ன்னு சொல்லணும். வாரம் முழுக்க அதே வசனம்.

இந்த ரெண்டு பேருக்கும் ஒரு கிறுக்கு. வலது கன்னத்தைக் காமிராவுக்குக் காட்ட மாட்டாங்க. செத்தாலும் காட்ட மாட்டாங்க. சுகுணஸ்ரீ இருக்கே, காமிரா அந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னா தலைவலின்னு சொல்லி கேரவனுக்குள்ள போய்ப் படுத்துக்கும். ரத்தினமாலா அப்படிப் போகாது, வலது கையைத் தூக்கிக் கன்னத்துல வெச்சிக்கும். சாவு வீட்டு சீன்லயும் கை கன்னத்துல, கல்யாண வீட்டு சீன்லயும் கை கன்னத்துல. பல்லு வலியான்னு ஊர் பூரா கேட்குது. அந்தக் கன்னத்துல அப்படி என்னதான் இருக்குன்னு ஒருநாள் நானே எட்டிப் பார்த்தேன். பவுடர் இருந்துச்சு. இடது கன்னத்துலயும் அதே பவுடர்தான். இதுங்களைப் பெத்தவங்க எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ.

இந்தப் பைத்தியம் எங்கேருந்து புடிச்சுதோ, தெரியல சார். வந்த புதுசுல ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. சுகுணஸ்ரீ முதல் நாள் வந்தப்போ ஒரே பயம். பெங்களூர்லேருந்து வந்த பொண்ணு, தமிழ் சரியா வராது, மேக்கப் ரூம்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கு. நான்தான் போய் ஆறுதல் சொன்னேன். 'அழாதேம்மா, உனக்கு இடது பக்கத்துல மகாலட்சுமி குடியிருக்கா. அந்தப் பக்கத்தைக் காட்டி நில்லு, ஒருத்தனும் உன்னை அசைக்க முடியாது'ன்னேன். பொசுக்குன்னு அழுகை நின்னு போச்சு. அப்புறம் ரத்தினமாலா வந்து சேர்ந்துச்சு. அதுக்கு வீட்டுல புருஷன்கூட சண்டை, மொகமெல்லாம் வீங்கி வந்து நிக்குது. அதுகிட்டயும் போய், 'விடும்மா, உனக்கு இடது பக்கத்துல மகாலட்சுமி குடியிருக்கா'ன்னேன். சிரிச்சிச்சு. என் சுபாவம் அப்படி சார். நல்ல வார்த்தைக்குப் பஞ்சம் வைக்க மாட்டேன். இதுக்கும் நான் சொல்ல வந்த கதைக்கும் சம்பந்தம் இல்ல, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியணுமேன்னு சொன்னேன்.

எனக்கு வலது பக்கம்தான் எடுப்பு. இடது பக்கம் மேல் வரிசையில ஒரு பல்லு தூக்கல், சிரிச்சா அசிங்கமா இருக்கும். அதனால எதிர்ல நிக்கிறவங்க இடது பக்கம் காட்டிட்டாங்கன்னா எனக்கு வசதி. அவங்க அப்படிப் பார்ப்பாங்க, நான் இப்படிப் பார்ப்பேன், கோடும் தப்பாது. அது தானா அமைஞ்சது, நான் ஒண்ணும் பிளான் பண்ணல.

என்கூட அவங்க பேசுற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. கதை எழுதுறவனுங்க திடீர்னு ஒருநாள் ஒரு சீன் எழுதிட்டானுங்க. அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் நின்னு, வீட்டை ரெண்டாப் பிரிக்கச் சொல்லி மல்லுக்கட்டுறாங்க. நான் இல்ல அந்த சீன்ல. அவங்க ரெண்டு பேர் மட்டும்.

டைரக்டர் பாண்டிச்செல்வம்னு ஒருத்தன். வாய் நிறைய 'அண்ணே அண்ணே'ம்பான். சிரிப்புல தேன் ஒழுகும், உள்ள அவ்வளவும் விஷம். அவன் சுகுணஸ்ரீயை எடுத்தான், அது இடது கன்னத்தைக் காட்டிச்சு. அதாவது திரையில இடது பக்கம் பார்க்குது. அப்புறம் ரத்தினமாலாவை எடுக்கணும். 'மேடம், நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம்'னான். கை கன்னத்துக்குப் போயிடுச்சு. 'அந்தப் பக்கம் சுகுணாவை எடுங்க, நான் எதுக்கு மாத்திக்கணும்?' சுகுணாகிட்ட போனான். தலைவலி வந்துடுச்சு. மத்தியானம் சாப்பாடு வந்து, ஆறிப்போய், ரசத்து மேல ஆடை கட்டிடுச்சு. பாண்டி என்ன பண்ணினான்? 'போகட்டும், யாரு கவனிக்கப் போறா'ன்னு ரெண்டு பேரையும் இடது பக்கமே பார்க்க வெச்சு எடுத்துட்டான்.

கண்றாவி சார். டிவியில பார்க்கணுமே. இது இடது பக்கம் பார்த்து 'வெளிய போடி'ங்குது. அதுவும் இடது பக்கம் பார்த்து 'நீ போடி'ங்குது. ரெண்டும் சேர்ந்து அங்க நிக்கிற யாரோ மூணாவது ஆளைத் திட்டுற மாதிரி இருக்கு. ஜனங்க விடுவாங்களா? 'அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் இருக்கு, அதைத்தான் திட்டுறாங்க'ன்னு வாட்ஸ்அப்ல போட்டுக் கிழிச்சிட்டாங்க. எங்க தெரு இஸ்திரி போடுறவன் என்னை நிறுத்தி, 'ஐயா, ஃபிரிட்ஜ் என்ன தப்பு பண்ணிச்சு?'ங்கிறான். மானம் போச்சு.

அடுத்த தடவை எடிட்டிங்ல ஒரு தந்திரம் பண்ணாங்க. சுகுணஸ்ரீயோட ஷாட்டைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி அப்படியே திருப்பிப் போட்டாங்க. இப்போ அது வலது பக்கம் பார்க்குது, இது இடது பக்கம் பார்க்குது, கோடு சரியாப் போச்சுன்னு கை தட்டிக்கிட்டானுங்க. முட்டாப் பசங்க. ஷாட்டைத் திருப்பினா முந்தானையும் திரும்புமில்ல? இடது தோள்ல கிடந்த முந்தானை வலது தோளுக்குப் போயிடுச்சு. அண்ணியார் திடீர்னு சேட்டு வீட்டம்மா ஆயிட்டாங்க. பின்னாடி மாட்டியிருந்த காலண்டர்ல எழுத்தெல்லாம் தலைகீழா, மன்னிக்கணும், வலமிருந்து இடமா ஓடுது. இதையெல்லாம் ஊரே பார்த்துச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணு யாரும் பார்க்கல, நான்தான் பார்த்தேன். சுகுணாவுக்கு உதட்டுக்கு மேல, இடது பக்கம், கடுகு மாதிரி ஒரு மச்சம். அது வலது பக்கம் தாவிடுச்சு. மொத்த யூனிட்லயும் கண்டுபிடிச்சது நான் ஒருத்தன்தான். ஒரு மொகத்தை ஒரு தடவை பார்த்தா போதும் சார், எந்த மச்சம் எங்க இருக்குன்னு என் மனசுல அப்படியே பதிஞ்சிடும். அதைப் பாண்டிகிட்ட சொன்னேன். 'அண்ணே, உங்க கண்ணே கண்ணு'ன்னான். அப்போவே எனக்குக் குழி தோண்டியாச்சு.

அந்த சண்டை ஒரு நாளோட முடியுறதில்ல, மாசக்கணக்குல இழுக்கணும். ரெண்டு பேரும் இடது பக்கம்தான் பார்ப்பேங்கிறாங்க. சரி, இடது பக்கம் பார்க்குறதுக்கு ஒரு காரணம் வேணும். அங்க ஏதாவது ஒண்ணு இருக்கணும், ரெண்டு பேரும் அதைப் பார்த்துச் சண்டை போடணும். 'சாமி படம் வைக்கலாம்'னான் ஒருத்தன். 'சாமி முன்னாடி போடி வாடின்னு பேசக்கூடாது'ன்னு சேனல்ல சொல்லிட்டாங்க. அப்போ பாண்டி என்னைப் பார்த்தான் சார். ஒரு மாதிரி பார்த்தான். ஆட்டை விலை பேசுறவன் பார்க்கிற பார்வை. 'அண்ணே, நீங்க வெளிய போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்'னான். போனேன். டீ குடிச்சேன். திரும்பி வந்தேன், செத்திருந்தேன்.

அது எனக்கு உடனே தெரியாது. ஆர்ட் டிபார்ட்மென்ட்டுலேருந்து ஒருத்தன் வந்து, 'ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா'ன்னான். டைட்டில்ல போடுறதுக்குன்னு நினைச்சேன். பட்டுச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டு, விபூதி வெச்சு, வலது பக்கம் எடுப்பாத் தெரியுற மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். என் போஸை நானே சொன்னேன் சார். 'இந்தப் பக்கம் லைட்டு போதுமா'ன்னுகூடக் கேட்டேன். அந்தப் போட்டோதான் செவுத்துல தொங்குது. அன்னைக்கு சாயங்காலம் மாலையோட பார்த்தேன். பாண்டி என் தோள்ல கையைப் போட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணே, படத்துல உங்க பார்வை கரெக்டா வலது பக்கம் இருக்கு. அவங்க உங்களைப் பார்க்குறாங்க, நீங்க அவங்களைப் பார்க்கிறீங்க. இந்த செட்டுலயே கோடு தாண்டாத ஒரே ஆளு நீங்கதான்.' செத்தவனுக்குப் பாராட்டு! நான் உசிரோட இருந்தப்போ ஏறாத ரேட்டிங் அந்த வாரம் ஏறிச்சாம். அதையும் என்கிட்டயே சொல்றான், வெக்கங்கெட்டவன்.

திண்டிவனம் தாண்டியாச்சா? இல்லையா. சரி.

இதெல்லாம்கூடப் போகட்டும் சார். வேலை போனா வேற வேலை, இன்னொரு சீரியல்ல இன்னொரு சோபா கிடைக்கும். என் சம்சாரம் போயிட்டா. ஐயய்யோ, அப்படி இல்ல சார், நல்லா இருக்கா, வாயை அலம்பணும் நான். செஞ்சியில அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. செங்கமலம்னு பேரு. நிஜ சம்சாரம். பத்து நாளா போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. இந்த வயசுல ஒருத்தனைத் தனியா விட்டுட்டுப் போறதா? பால் பொங்கி அடுப்பு அணையுது, எந்த டப்பாவுல உப்பு, எந்த டப்பாவுல சர்க்கரைன்னு தெரியல. ராத்திரி 'தண்ணி குடு'ன்னு கூப்பிட்டுட்டு, அப்புறம்தான் வீட்டுல யாரும் இல்லன்னு ஞாபகம் வருது. கஷ்டமா இருக்கு சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, அழுகையா வருது.

எல்லாம் அந்த மாலையாலதான். உசிரோட இருக்கிற புருஷன் படத்துக்கு மாலை போட்டு, தினம் சாயங்காலம் விளக்கேத்திக் காட்டினா எந்தப் பொம்பளை தாங்குவா? தாலி கட்டிக்கிட்டவளுக்குப் பதறாதா? பதறியிருக்கும். ஆனா அவ அழுத்தக்காரி, வெளிய காட்டிக்க மாட்டா. முதல் நாள் அந்தப் படத்தைக் காட்டினப்போ பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா. 'மாலை கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம், கஞ்சப் பசங்க'ன்னு சொல்லிட்டுத் தோசை சுடப் போயிட்டா. சட்னிகூட அரைச்சா. எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கா பாருங்க.

அந்த வாரம்தான் பொங்கல். டிவியில சிறப்பு நிகழ்ச்சி. சுகுணஸ்ரீயும் ரத்தினமாலாவும் கரும்பு பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேட்டி எடுக்கிற பொண்ணு, 'நீங்க ரெண்டு பேரும் ஏன் எப்பவும் ஒரே பக்கம் பார்க்கிறீங்க?'ன்னு கேட்டுச்சு. சுகுணஸ்ரீ சொல்லுது, 'எங்க குலசேகர் சார்தான் சொன்னார், எனக்கு இடது பக்கத்துல மகாலட்சுமி குடியிருக்கான்னு.' ரத்தினமாலா கரும்பைக் கீழ வெச்சிட்டு, 'என்னது? அதை என்கிட்டல்ல சொன்னார்!'ங்குது. 'என்கிட்டதான் முதல்ல', 'இல்ல என்கிட்டதான்'. ஒரே சிரிப்பு, கைதட்டல். எனக்கும் சிரிப்புதான். பாருங்க, செத்தும் என் பேரைச் சொல்றாங்களேன்னு செங்கமலத்தைப் பார்த்தேன். பொங்கலுக்குக் காய் நறுக்கிக்கிட்டிருந்தா. பரங்கிக்காயில கத்தி அப்படியே நின்னு போச்சு.

மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டா. 'எங்க கிளம்பிட்டே'ன்னேன். வாசல்ல நின்னு என்ன சொன்னா தெரியுமா? 'உங்க மகாலட்சுமிக்கு இன்னும் எத்தனை வீடுதான் வேணும்?' எனக்கு ஒண்ணும் புரியல. நாங்க இருக்கிறது சாலிகிராமத்துல வாடகை வீடு. சொந்த வீடு வாங்கலன்னு அவளுக்கு ரொம்ப நாளா குறை. அதைத்தான் குத்திக் காட்டுறான்னு நினைச்சு, 'வாங்கலாம், வாங்கலாம், இப்போ அதுக்கு என்ன அவசரம்'னேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

என்ன சார்? அதனாலயா? சேச்சே. அந்தப் பேட்டிக்கெல்லாம் கோவப்படுற ஆளு இல்ல அவ. அதுவும் இல்லாம, அந்த வார்த்தையை நான் முதமுதல்ல சொன்னதே அவகிட்டதான். செஞ்சியில பொண்ணு பார்க்கப் போயிருந்தோம். காபி டம்ளரை நீட்டிக்கிட்டு நிக்கிறா, தட்டுல காபி சிந்துது. மெதுவா, அவளுக்கு மட்டும் கேட்குற மாதிரி, 'உனக்கு இடது பக்கத்துல மகாலட்சுமி குடியிருக்கா'ன்னேன். அப்படியே சிவந்து போயிட்டா. அதுலேருந்து பார்க்கணும் நீங்க, எங்க போனாலும் பூவை இடது பக்கமாத்தான் முன்னால தொங்க விட்டுப்பா. கல்யாண போட்டோவுலயும் அப்படித்தான். நான் வலது கன்னம், அவ இடது கன்னம். அவ வலது கன்னம் என் தோளை ஒட்டி மறைஞ்சிருக்கும். பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம். அவளுக்கு நான் குடுத்த வார்த்தையை ரெண்டு பேருக்குக் கடன் குடுத்தேன், அவ்வளவுதானே? அவகிட்ட குறைஞ்சா போச்சு?

இல்ல சார், மாலைதான் காரணம். அதான் நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். மேல பாருங்க, அந்தப் பெரிய கித்தான் பை. ஆமா, அதுலதான் இருக்கு. படம்! காலையில செட்டுக்குப் போனேன், 'பழைய செருப்பை விட்டுட்டுப் போயிட்டேன்'னு சொல்லி உள்ள நுழைஞ்சேன், ஆணியிலேருந்து கழட்டி வேட்டியில சுத்திப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். இன்னைக்கு சண்டை சீன் இருக்கு. அதுங்க ரெண்டும் வெறும் ஆணியைப் பார்த்துக் கத்தட்டும். இதைக் கொண்டு போய் செங்கமலம் முன்னாடி வெச்சு, 'இந்தா, உன் கண் முன்னாடியே உடைச்சிடுறேன், இனிமே உன் புருஷன் படத்துக்கு எவனும் மாலை போட முடியாது, வா வீட்டுக்கு'ன்னு சொல்லப் போறேன். மச்சான்கிட்ட போன்ல விஷயத்தைச் சொல்லிட்டேன். 'மாமா, அந்தப் படத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க, என் பொண்ணு மாசமா இருக்கா. அக்கா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பார்க்குதாம்'னான். வரட்டுமே. வர்றான்னா பாதி கோவம் போச்சுன்னுதானே அர்த்தம்?

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். பாண்டி. எடுக்கிறேன், நீங்களும் கேளுங்க, எப்படிக் கதறுறான் பாருங்க.

சொல்லு பாண்டி. ஆமா, நான்தான் எடுத்தேன். என்ன பண்ணுவே? ... என்னது? ... சத்தமாப் பேசு. ... ஓஹோ. ... ஓ. ... சரி. ... சரிப்பா.

வெச்சிட்டான்.

கோவமே படல சார். சிரிக்கிறான். 'அண்ணே, அதுக்கு என்னண்ணே, கன்டின்யூட்டிக்கு எப்பவும் ரெண்டாவது ஒண்ணு பிரிண்ட் போட்டு வெச்சிருப்போம். மாட்டியாச்சு, ஷாட்டு போய்க்கிட்டிருக்கு. அதை நீங்களே வெச்சுக்குங்க, வீட்டுல என்னைக்காவது தேவைப்படும்'ங்கிறான். கேட்டீங்களா? தேவைப்படுமாம். இவன் வாயில புழு வைக்க. இவன்கூட ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டேனே சார். அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

செங்கமலத்துக்கிட்ட இதைச் சொல்ல மாட்டேன். ரெண்டாவது படம் இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? டிவி பார்த்தாத்தானே? மச்சான் வீட்டுல டிவி இருக்கு. இருக்கட்டும், கேபிள்காரனுக்கு ஏதாவது குடுத்து... என்ன சார் நான் பேசிக்கிட்டிருக்கேன்? உடம்பெல்லாம் வேர்க்குது. அவ வரணும் சார். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. இந்த சீரியலும் வேணாம், கோடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அவ கோவமா வந்தாலும் பரவாயில்ல, திட்டிக்கிட்டே வந்தாலும் பரவாயில்ல, பஸ் ஏறி என்கூட வந்துட்டாப் போதும்.

செஞ்சி வந்துடுச்சா? ஆமா, கோட்டை தெரியுது. கொஞ்சம் ஒதுங்குங்க, உங்க ஜன்னல் வழியாப் பார்க்கிறேன். அதோ, மச்சான் வண்டி. அந்தச் சிவப்பு வண்டி. பக்கத்துல பாருங்க, பச்சைப் பொடவை. அவதான். வந்துட்டா சார்! நான் சொன்னேன்ல? செங்கமலம்! ஏய், செங்கமலம்! இங்க, இங்க!

காதுல விழுந்திருக்கு. மச்சான் திரும்பிட்டான். அவ திரும்ப மாட்டேங்குறா. பூ வைக்கல பாருங்க. தலையை இழுத்துக் கட்டிக்கிட்டு, வலது பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. வேணும்னே நிக்கிறா. இவளுக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சா? நான் இப்போ இறங்கி எந்தப் பக்கம் போய் நிக்கிறது?

வர்றேன் கண்டக்டர், இருய்யா, பையை எடுக்கிறேன்.

சார், ஒரு நிமிஷம். நீங்க கொஞ்சம் பாருங்க, என் கண்ணாடி மங்கல். அவ காதுக்குக் கீழ, கன்னத்தோரமா, கறுப்பா என்னவோ இருக்கே. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கிட்டிருக்கா? இல்ல? மச்சமா? நல்லாப் பாருங்க சார். மொளகு அளவுக்கு இருக்கே.

அந்தப் பக்கம்தானே சார் என் தோளை ஒட்டியே இருந்துச்சு.

மச்சமெல்லாம் நடு வயசுல புதுசா வருமா சார்? சொல்லுங்க சார், வரும்தானே?